எங்கள் ஊர்க் கிளை நூலகத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகப் போகிறார்கள், என்ன செய்யலாம்?

வெட்டாற்றங்கரை (ஆகஸ்ட் 10)

எல்லாருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கம் ஒரு ஊராட்சி எங்களுடையது. பெரிய ஊர் இல்லை, ஆனால் சுற்றியுள்ள ஏழெட்டுக் கிராமத்துக்கு இதுதான் கடைத்தெரு. உரக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் எங்கள் கிளை நூலகம். ஓட்டுக் கட்டிடம், முன்னால் இரண்டு படி. ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டுபோய் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். இப்போது என் மகள் ஆறாம் வகுப்பு.

அது வாடகைக் கட்டிடம். வீட்டுக்காரர் போன வருஷம் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போகிறார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனசில்லை, இத்தனை வருஷம் சொற்ப வாடகைக்கு விட்டிருந்தார்கள். நவம்பருக்குள் காலி செய்ய வேண்டும். அதே வாடகைக்குக் கடைத்தெருவில் வேறு இடம் கிடைக்கவில்லை. பைபாஸ் ஓரம் காலியாகக் கிடக்கும் ஒரு கட்டிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று பேச்சு. ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர். தெருவிளக்கு இல்லை, பஸ் நிற்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்தப் பெண் பிள்ளை அங்கே போய்வர முடியும்?

டீக்கடையில் இதைச் சொன்னால், "அங்க யாரு போறா?" என்கிறார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். காலை 9 மணிக்கு முன்பே படியில் இரண்டு பெரியவர்கள். கதவு திறந்ததும் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி இன்னும் பச்சைத் துணி மறைப்பு போட்டிருக்கிறார். மற்றவர் அவருக்குத் தலைப்புச் செய்திகளைச் சின்னக் குரலில் வாசித்துக் காட்டுகிறார். நூலகர் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு ஒரு அம்மா விதவை உதவித்தொகை விண்ணப்பத்தோடு வந்தார். நூலகர் பேனாவைத் திறந்து நிரப்பிக் கொடுத்தார். நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் சிறுவர் புத்தக அலமாரி முன்னால் ஒரே செருப்புக் குவியல். அதன் பிறகு கடைசி வரைக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்.

உங்கள் ஊரில் இப்படி நடந்திருக்கிறதா? யாரைப் பார்க்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்பேச்சு (ஆகஸ்ட் 10)

உங்கள் வருத்தம் புரிகிறது நண்பரே. ஆனாலும் என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் நூலகத்திலும் நீங்கள் சொன்ன அதே காட்சிதான். பேப்பர் படிக்கும் நாலு பெரியவர்கள், சொந்த கைடு புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கும் இருபது பிள்ளைகள். அலமாரியில் இருக்கும் புத்தகத்தை எடுக்கிறவர்கள் எத்தனை பேர்? பேப்பர் போனிலேயே வருகிறது. பாடம் யூடியூபில் இருக்கிறது. அந்தச் செலவைப் பள்ளிக்கூட நூலகங்களுக்குக் கொடுத்தால் பிள்ளைகளுக்காவது நேராகப் போய்ச் சேருமே?

இன்னொன்று. காலை 9 முதல் 12, மாலை 4 முதல் 7 என்று நேரம் வைத்தால், வேலைக்குப் போகிறவன் எப்போது வருவான்? நான் கம்பெனி வேலை முடிந்து வீடு வர ஏழரை. என் ஊர் நூலகத்தின் உள்பக்கத்தை நான் பார்த்தே ஐந்து வருஷம் ஆகிறது. எனக்குப் பயன்படாத ஒன்றை நான் ஏன் காப்பாற்ற வேண்டும் என்ற கேள்வி பலருக்கும் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் கையெழுத்து வாங்கப் போனால் ஊர் கூட வராது.

மேசைவிளக்கு (ஆகஸ்ட் 11)

நேர்பேச்சு அண்ணா, அந்த இருபது பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அதனால் பதில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு தாழ்வாரமும். ஆறு பேர். தம்பி டியூஷன், பாட்டிக்கு மூச்சிரைப்பு, அப்பா லாரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார். விளக்கைப் போட்டால் அவர் எழுந்துவிடுவார். எல்லாப் பாடமும் என் போனில் இருந்தது, உண்மைதான். உட்கார இடம்தான் இல்லை. இரண்டு வருஷம் காலையும் மாலையும் கிளை நூலகத்தின் ஜன்னலோர மேசையில்தான் படித்தேன். எங்களோடு படித்த அக்கா ஒருத்தர் கணக்கு சொல்லித்தருவார், நான் அவருக்குத் தமிழ் இலக்கணம் சொல்லித்தருவேன். காசு கொடுத்து கோச்சிங் போக எங்களில் ஒருவருக்கும் வழியில்லை. குரூப் 4 இரண்டாவது முறை எழுதியபோது கிடைத்தது. இப்போது ஒரு தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன்.

எங்கள் வீட்டில் என்னைத் தனியாக வெளியே விட்டது ஒரே ஒரு இடத்துக்குத்தான். "லைப்ரரிக்குப் போறேன்" என்று சொன்னால் அம்மா "ஏன், எதுக்கு" என்று கேட்டதே இல்லை. தோழி வீட்டுக்குப் போகிறேன் என்றால் பத்துக் கேள்வி வரும். அந்த ஒரு வார்த்தைக்கு ஊரில் அப்படி ஒரு மரியாதை இருக்கிறது. கடைத்தெருவுக்கு நடுவில், ஆள் நடமாட்டத்தில் இருப்பதால்தான் அந்த நம்பிக்கை. பைபாஸ் ஓரத்தில் இருந்திருந்தால் எங்கள் அம்மா விட்டிருக்க மாட்டார். வெட்டாற்றங்கரை அண்ணா, மனுவில் இதை எழுதுங்கள். தூரம் எவ்வளவு என்பதோடு, அந்தத் தூரத்தை யார் நடக்க முடியாது என்பதையும் எழுதுங்கள்.

நாங்கள் புத்தகம் எடுக்கவில்லை என்பதும் உண்மை. படிக்கும்போது வேறு எதற்கும் நேரமில்லை. வேலை கிடைத்த மறுவாரம் போய் உறுப்பினராகச் சேர்ந்தேன். இப்போது வாரம் ஒரு நாவல்.

கணக்குப்பிள்ளை (ஆகஸ்ட் 11)

உள்ளாட்சியில் வரிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

"அரசாங்கம் ஏன் இதற்குச் செலவழிக்க வேண்டும்" என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டு வரிக் கணக்கைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சொத்து வரியின் மேல் 10 சதவீதம் நூலக வரி உண்டு. ஊராட்சி வீட்டு வரிக்கும் உண்டு. வீட்டு வரி ஆயிரம் என்றால் நூலகத்துக்கு நூறு. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் போட்ட வழி இது. சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுதான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். வரியை வசூலிப்பது உள்ளாட்சி, அதைச் சேர்க்க வேண்டிய இடம் அந்த மாவட்டத்து நூலக ஆணைக்குழு. நேர்பேச்சு ஐயா, நீங்கள் உள்ளே போய் ஐந்து வருஷம் ஆனாலும் ஐந்து வருஷமும் சந்தா கட்டித்தான் இருக்கிறீர்கள்.

சிக்கல் வசூலுக்கும் ஒப்படைப்புக்கும் நடுவில் இருக்கிறது. தெருவிளக்கு பில், குடிநீர் மோட்டார் ரிப்பேர், சம்பளம் என்று அவசரம் வரும்போது நூலக வரிப் பணம் பொதுக் கணக்கிலேயே தங்கிவிடும். யாரும் வந்து கேட்பதில்லை என்பதால் அது நிலுவையாக ஏறிக்கொண்டே போகும். என் மேசையில் அந்த நிலுவைக் கணக்கை வருஷா வருஷம் நானே எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் மனசு உறுத்தும்.

உங்கள் ஊருக்கு முதல் வேலை இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை. கடந்த ஐந்து ஆண்டில் நம் ஊராட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு, ஒப்படைத்தது எவ்வளவு. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் உங்கள் குரலுக்கு ஒரு கனம் வரும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்குள் பதில் வராது, அதற்கு அடுத்தது அக்டோபர் 2. மனு இந்த வாரமே போனால் பதில் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் வந்துவிடும்.

தாழ்வாரம் (ஆகஸ்ட் 12)

இன்று ஆகஸ்ட் 12, நூலகர் தினம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் பெயரால் கொண்டாடுவது. இந்த நாளில் இந்த இழை கண்ணில் பட்டது எனக்கு நிறைவாக இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் நூலகராக வேலை பார்த்தேன், மூன்று ஊர்களில். முதல் பதினோரு வருஷம் தினக்கூலி.

முதலில் "புத்தகம் யார் எடுக்கிறார்கள்" என்ற கேள்வி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். எந்தப் புத்தகம் உயிரோடு இருக்கிறது என்று அது சொல்லும். தென்னை சாகுபடி பற்றி மெலிசாக ஒரு புத்தகம் எங்களிடம் இருந்தது. சீட்டில் இடம் தீர்ந்து, மேலே இன்னொரு சீட்டு ஒட்டி, அதற்கும் மேலே மூன்றாவது ஒட்டியிருந்தேன். ஒரு நாள் ஒரு விவசாயி துணியில் முடிந்துகொண்டு வந்த ஒரு வண்டை என் மேசையில் வைத்தார். செங்கருப்பு நிறம், நீண்ட மூக்கு. "சார், இது மரத்தைக் கொல்லுது, பேரு தெரியணும்." இரண்டு பேரும் படத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். சிவப்புக் கூன்வண்டு. என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் தன் மகனின் நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அவர் உறுப்பினர்கூட இல்லை. என் எடுப்புக் கணக்கில் அன்றைக்கு அது பூஜ்யம்.

ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் ஐந்து விதிகளை எழுதினார். நூல்கள் பயன்பாட்டுக்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும். நூலகம் வளரும் உயிரி. எங்கள் பயிற்சியில் இதை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அந்த விவசாயி வண்டோடு வந்த நாளில்தான் இரண்டாவது விதி எனக்குப் புரிந்தது.

அப்புறம் கட்டிடம். கட்டிடம் கிடைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளில் நூலகம் கட்டினார்கள். பளிச்சென்ற கட்டிடம், இரும்பு அலமாரி, புதுப் புத்தகங்கள். இன்றைக்கு அவற்றில் எத்தனையோ பூட்டிக் கிடக்கின்றன, சில இடங்களில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். திறக்க ஆள் இல்லை. சிறு மதிப்பூதியத்துக்கு ஒருவரைப் போட்டார்கள், அவரும் நின்றுவிட்டால் சாவி யாரிடம் என்றே தெரியாது. எங்கள் பொது நூலகத் துறையின் நூலகங்கள் ஓடு ஒழுகினாலும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம், காலையில் சாவியோடு ஒரு ஆள் வருகிறார். பூட்டு திறக்கும் நேரம் ஊருக்குத் தெரியும். படியில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு பெரியவர்கள் அதை நம்பித்தான் வருகிறார்கள். ஆகவே மனுவில் இடத்தோடு நூலகர் பணியிடத்தையும் கேளுங்கள். இடம் மாறும் சாக்கில் முழு நூலகத்தைப் பகுதிநேரமாக்கிவிடக் கூடாது.

கடைசியாகப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு. தயவுசெய்து தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். காலையும் மாலையும் வந்தால் இரண்டு முறை போடுங்கள். நாளைக்கு யாராவது "ஆள் வருவதில்லை" என்று சொன்னால் நூலகரிடம் காட்ட இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான். முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், நோட்டில் எட்டுப் பெயர் இருக்கும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

நேர்பேச்சு (ஆகஸ்ட் 12)

மேசைவிளக்கு தங்கச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன். "உட்கார இடம்தான் இல்லை" என்பதை நான் யோசித்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன். நூலக வரி விஷயமும் எனக்குப் புதிது.

ஆனால் நேரம் பற்றிச் சொன்னதில் நான் மாறவில்லை. தாழ்வாரம் ஐயா, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏழு மணிக்குப் பூட்டினால் வேலைக்குப் போகிற ஆணும் பெண்ணும் ஊர் நூலகத்துக்கு அந்நியர்தான்.

தாழ்வாரம் (ஆகஸ்ட் 13)

நியாயமான குறை தம்பி. மாவட்ட மைய நூலகங்களும் முழுநேரக் கிளைகளும் காலை 8 முதல் இரவு 8 வரை இருக்கும், அங்கே ஆட்கள் அதிகம். சின்னக் கிளையில் ஒரே ஆள், திறப்பதும் பெருக்குவதும் பதிவதும் அவரே. இரண்டாவது ஆள் கொடுத்தால் நேரம் கூடும். அதைக் கேட்க வேண்டியது வாசகர்கள்தான். ஊழியர் கேட்டால் சம்பளத்துக்குக் கேட்கிறார் என்பார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஞாயிறு லீவு என்று நினைத்தே பாதிப் பேர் வருவதில்லை. இந்த ஞாயிறு போய்ப் பாருங்கள்.

பவழமல்லி (ஆகஸ்ட் 14)

கோவையிலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பெண்கள்.

எங்கள் பகுதிக் கிளைக்கு முதல்முறை போனபோது வாசலிலிருந்து உள்ளே பார்த்தேன். முன் மேசை முழுக்க ஆண்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். அவர்கள் தப்பாகப் பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது, அங்கே ஒரு பெண் வந்தது அவர்களுக்கு அபூர்வம். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த இரண்டு அடி தூரம் தாண்ட முடியவில்லை.

மறுபடி போக வைத்தது என் பையன். பள்ளியில் யாரோ சொல்லி, உறுப்பினர் ஆக வேண்டும் என்று அடம். நூலகர் ஒரு அம்மா. வாசகர் வட்டத்தில் பேசி, பேப்பர் மேசையை ஒரு பக்கச் சுவரோரம் தள்ளி, வாசலிலிருந்து நேராகச் சிறுவர் பகுதிக்குப் போக வழிவிட்டார். பாய் வாங்கிப் போட்டது நாங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கதை சொல்கிறோம், வாரத்துக்கு ஒரு அம்மா. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அந்த ஒரு மணி நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் அலமாரியைப் பார்க்க ஆரம்பித்தவர்கள் பலர். திருமணத்துக்குப் பிறகு புத்தகமே தொடவில்லை என்று சொன்ன ஒரு அக்கா இப்போது எங்களைவிட அதிகம் எடுக்கிறார்.

வெட்டாற்றங்கரை சார், உங்களுக்குப் புது இடம் கிடைத்தால் மேசையை எங்கே போடுவது என்று முதல் நாளே யோசியுங்கள். பிறகு மாற்றுவது கஷ்டம். கழிப்பறை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் நாள் முழுக்க எந்தப் பெண்ணும் உட்கார்ந்து படிக்க முடியாது.

வடமராட்சியான் (ஆகஸ்ட் 16)

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல். நூலகம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கட ஆக்களுக்கு 1981 ஞாபகம் வரும். மே 31 இரவு மூட்டிய நெருப்பில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் 97,000 புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தன. அந்த நூலகம் 1933இல் செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் தொடங்கியது. பிறகு 1959இல் திறந்த அந்தப் பெரிய கட்டிடத்தைத் திட்டமிடும்போது நீங்கள் மேலே சொன்ன அதே ரங்கநாதனிடம்தான் ஆலோசனை கேட்டார்கள். கட்டிடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். அதனால் உங்கட ஊருக்கும் எங்கட ஊருக்கும் இதில் ஒரு உறவு இருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது சின்ன இடத்தைப் பற்றி. எங்கட கிராமங்களில் சனசமூக நிலையம் என்று இருக்கும், அதற்குள் ஒரு வாசிகசாலை. ஊர்ச்சனமே காசு சேர்த்துக் கட்டி, ஊர்ப் பெடியளே திறந்து பூட்டுவார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சடிக்கத் தாள் இல்லாமல், கோடு போட்ட கொப்பித் தாளில், உங்கட நோட்டுத் தாளில், பேப்பர் வந்தது. எங்கட வாசிகசாலைக்கு ஒரே ஒரு பிரதி. மின்சாரம் இல்லை. அப்பா போத்தல் விளக்கைப் பிடிக்க, ஒரு மாஸ்டர் உரத்து வாசிப்பார். முற்றத்தில் சனம் நின்று கேட்கும். யார் எங்கே இடம்பெயர்ந்தார்கள், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு தாளில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. அந்தக் கொப்பித் தாளின் நீலக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

உங்கட ஊரில் கண் தெரியாத நண்பருக்கு மற்றவர் வாசித்துக் காட்டுகிறார் என்று படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த இரண்டு படியைக் கைவிடாதையுங்கோ.

மன்னை வாசகன் (ஆகஸ்ட் 17)

எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் சொல்லவில்லையே என்று நானே சொல்கிறேன். வெட்டாற்றங்கரை, உங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம் மன்னார்குடி. பக்கத்தில் மேலவாசல். 1931 அக்டோபரில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். ரங்கநாதன் ஐந்து விதியை எழுதிய அதே வருஷம். 1928லிருந்தே சென்னை நூலகச் சங்கம் மூலம் அவர் செய்துவந்த பிரச்சாரத்துக்கும் இந்த வண்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நடமாடும் நூலகம் என்று இன்று வேனில் போவதற்கெல்லாம் முன்னோடி அந்த வண்டி.

அந்தக் காலத்தில் வண்டித்தடத்தில், வயல் வரப்பை ஒட்டி, படிக்கத் தெரிந்தவர் கையளவே இருந்த ஊர்களுக்குப் புத்தகம் தேடிப் போனது. அதே மண்ணில் இன்று இருக்கிற புத்தகத்தை ஜனங்கள் போக முடியாத இடத்துக்கு எடுத்துப் போகிறேன் என்றால் எப்படி? கிராம சபையில் இதையும் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்த வண்டிக் கதை தெரியும், கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பவழமல்லி (ஆகஸ்ட் 17)

சென்னையில் 2011இல் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தபோது வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது, நூலகம் இன்றும் இருக்கிறது. எட்டு மாடிக் கட்டிடத்துக்காகப் பேச எழுத்தாளர்களும் மாணவர்களும் வந்தார்கள். ஓட்டுக் கட்டிடத்துக்கு அந்த ஊர்க்காரர்கள்தான் வர வேண்டும். சீக்கிரம் செய்யுங்கள் சார்.

வெட்டாற்றங்கரை (அக்டோபர் 4)

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். ஓடிக்கொண்டே இருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி மனு போட்டோம். பதில் இருபத்தாறாம் நாள் வந்தது. வசூலானதில் பெரும்பகுதி இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. அதைப் பத்துப் பிரதி எடுத்தோம். மனுவை எழுதியது நான், ஆனால் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். வருகைப் பதிவேட்டில் ஆகஸ்ட் 13லிருந்து ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பக்கங்கள் நிறைந்து நூலகர் புது நோட்டு போட்டுவிட்டார்.

கிராம சபையில் முதலில் பேச வேண்டியது நான். எழுந்தேன், பாதியில் குரல் அடைத்துவிட்டது. பச்சை மறைப்புப் போட்டிருந்த பெரியவர் எழுந்து முடித்து வைத்தார். அவருக்கு இப்போது பார்வை தெளிந்துவிட்டது. "நான் இனி நானே படிச்சுக்குவேன். ஆனா ரெண்டு கிலோமீட்டர் நடக்க முடியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு எதிர்த்து யாரும் பேசவில்லை.

தீர்மானம் இதுதான்: கடைத்தெருவிலேயே, பிள்ளையார் கோயில் குளத்துக்கு எதிரில், சமுதாயக்கூடத்தின் பக்கவாட்டு அறையை ஓராண்டுக்கு நூலகத்துக்குக் கொடுப்பது. அதற்குள் ஊராட்சி நிலத்தில் சொந்தக் கட்டிடத்துக்கு இடம் ஒதுக்கி மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுவது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதிக்கும் மனு கொடுத்திருக்கிறோம். ஓராண்டு என்பது நீண்டுவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. ஊரில் ஒன்பது பேர் ஆளுக்கு ஆயிரம் கட்டிப் புரவலர் ஆகியிருக்கிறார்கள். அதில் உரக்கடைக்காரரும் ஒருவர்.

நேர்பேச்சு (அக்டோபர் 4)

மனசு நிறைந்தது. நானும் மூன்று ஞாயிறு போய்விட்டேன். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் சேர்ந்து, மாலை நேரத்தை எட்டு மணி வரை நீட்டக் கேட்டு மனு தயாராகிறது. கணக்குப்பிள்ளை ஐயா, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

வெட்டாற்றங்கரை (நவம்பர் 15)

நேற்று நூலக வாரம் தொடங்கிய நாளிலேயே இடம் மாறினோம். வண்டி வைக்கவில்லை. பழைய வாசலிலிருந்து புது வாசல் வரை பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தோம். நடுவில் தூறல் வந்தது. தையல்கடை அம்மா பெரிய பிளாஸ்டிக் தாளை நாலு பேரைப் பிடிக்கச் சொல்லி, அதற்குக் கீழே புத்தகம் போனது. என் கைக்கு வந்த ஒன்றின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், சீட்டில் நான் எட்டாம் வகுப்பில் எடுத்த தேதி இருந்தது. மகளிடம் காட்டினேன். அவள் அதை அலமாரியில் வைக்காமல் தன் பெயரில் பதியச் சொன்னாள்.

பவழமல்லி அம்மா, பேப்பர் மேசை இடது சுவரோரம். சிறுவர் அலமாரி வாசலுக்கு நேர். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் புதிதாகப் போட்டாகிவிட்டது.

ஒரு சந்தேகம், தாழ்வாரம் ஐயா. குளத்துக்கு எதிரில் என்பதால் தரையில் ஈரம் ஏறுகிறது. ஐப்பசி மழை இன்னும் விட்டபாடில்லை. கீழ்த்தட்டுப் புத்தகங்களை எப்படிக் காப்பாற்றுவது?

தாழ்வாரம் (நவம்பர் 15)

அலமாரிக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல் வையுங்கள், சுவரிலிருந்து ஒரு கை நுழையும் அளவு தள்ளிப் போடுங்கள். மழை முடியும்வரை கீழ்த்தட்டைக் காலியாகவே விடுங்கள். பிரிந்துபோன புத்தகங்களை மைதாப் பசையில் ஒட்டும்போது பசை காய்ச்சுகையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூச்சி வராது. பசையைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது விஷம். வெயில் வரும் நாளில் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள், புத்தகத்தை நேர் வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம்.

தை பிறந்ததும் நான் ஒரு வாரம் வந்து தங்குகிறேன். பைண்டிங் ஊசியும் நூலும் என்னிடம் இருக்கின்றன. கற்றுக்கொள்ள இரண்டு பிள்ளைகளைப் பார்த்து வையுங்கள்.